கேள்வி – பதில்: ஊசிமுனைக்கு மின்சாரம் தெரியுமா?

கேள்வி: அணுவிசை நுண்ணோக்கி ஒரு கூரிய முனையால் பரப்பின் மேடுபள்ளங்களை வரைந்து காட்டும் என்று படித்தேன். அதே கருவி மின்விசையையும் அளக்குமாம். மேடு எது, மின்னூட்டம் எது என்று முனைக்கு எப்படித் தெரியும்?

பதில்: தெரியாது. அது உணர்வதெல்லாம் விசை மட்டுமே. எதனால் வந்த விசை என்று பிரிப்பது நம் வேலை. அதற்கு ஒரு தந்திரம் உண்டு. முனையைத் தாங்கும் சிலிக்கான் பட்டையை அதன் இயல்பு அதிர்வெண்ணில் ஆட்டியபடி, ஒவ்வொரு வரியையும் இருமுறை ஓட்டுகிறோம். முதல் ஓட்டத்தில் பரப்பைத் தட்டித் தட்டி உயரத்தைப் பதிவு செய்கிறோம். இரண்டாவதில் முனையைச் சில பத்து நானோமீட்டர் தூக்கி, பதிவான அதே மேடுபள்ளத்தைப் பின்பற்றிக் காற்றிலேயே நடத்துகிறோம். அந்த உயரத்தில், அணுக்கள் மிக நெருங்கும்போது மட்டும் எழும் வாண்டர்வால்சு விசை ஓய்ந்துவிடும், மின்விசை எட்டும். முனையில் பிளாட்டினம்-இரிடியம் பூச்சு இருப்பதால் அதற்கு மின்னழுத்தம் கொடுக்க முடியும். கீழிருந்து ஈர்ப்பு வந்தால் பட்டையின் அதிர்வெண் சற்றுக் குறையும், அதிர்வின் கட்டம் (ஆட்டும் விசைக்கும் பட்டையின் ஆட்டத்துக்கும் உள்ள முன்பின் இடைவெளி) நகரும். பட்டையின் முதுகில் பட்டுத் திரும்பும் லேசர் அதைக் காட்டிக்கொடுக்கும்.

எவ்வளவு தூக்குவது என்பதில்தான் கைப்பழக்கம் வேண்டும். அதிகம் தூக்கினால் படம் மங்கும். குறைத்தால் மேடுகளே மின்விசை வேடம் போட்டு வரும்.

கேள்வி: படத்தில் ஒரு பொட்டு தனித்துத் தெரிந்தால், அங்கே மின்னூட்டம் இருக்கிறது என்று எழுதிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். முனைக்கு +3 வோல்ட் கொடுத்திருந்தால், −3 வோல்ட் கொடுத்து மறுபடி எடுங்கள். மின்னூட்டமே இல்லாத உலோகத் துகள்கூட முனையை இழுக்கும். அந்த மின்தேக்கு விசை மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. குறி மாறினாலும் அது மாறாது. கருப்பு வெள்ளையாகவும் வெள்ளை கருப்பாகவும் புரண்டால்தான், அங்கே தங்கிய மின்னூட்டமோ தொடு மின்னழுத்த வேறுபாடோ (முனையும் பரப்பும் வேறு வேறு பொருள் என்பதாலேயே எழும் மின்னழுத்தம்) இருக்கிறது என்று பேசலாம். வண்ணப் படத்தோடு யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது எதிர்க்குறிப் படத்தைத்தான். பெரும்பாலும் அதை எடுத்திருக்க மாட்டார்கள்.

வோல்ட் கணக்கில் எண் வேண்டுமென்றால் கெல்வின் முறைக்குப் போங்கள். 1991இல் நோன்னன்மாக்கர், ஓ'பாயில், விக்ரமசிங்கே மூவரும் அதை இந்த நுண்ணோக்கிக்குக் கொண்டுவந்தார்கள். முனைக்கு மாறுமின்னழுத்தம் கொடுத்து, அதே அதிர்வெண்ணில் எழும் விசை பூச்சியமாகும்வரை அதோடு சேர்த்துத் தரும் ஒரு மாறாத (DC) மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும். தராசு முள் நடுவுக்கு வரும்வரை எடைக்கல் மாற்றுவதைப் போலத்தான். முள் நின்ற இடத்து மின்னழுத்தமே முனைக்கும் பரப்புக்கும் உள்ள வேறுபாடு.

இன்னொன்று: ஈரக்காற்றில் பரப்பின்மேல் நீர்ப்படலம் படிந்து, மின்னூட்டம் அதன் வழியே நழுவிவிடும். காலையில் தெரிந்த பொட்டு மாலையில் காணோம் என்றால் கருவியைத் திட்டாதீர்கள். மூடிய கூண்டுக்குள் உலர்ந்த நைட்ரஜனைச் செலுத்திவிட்டு மறுபடி எடுங்கள்.