குயர் படம் எடுத்துப் பிழைக்க முடியுமா? சில கேள்விகள், என் பதில்கள்

பதினாறு வருடமாகச் சொந்த முயற்சியில் குயர் படம், அதாவது தன்பாலீர்ப்பாளர்கள், திருநர்கள் போன்றோரின் கதைகளை எடுக்கிறேன்: ஏழு குறும்படம், ஒரு ஆவணப்படம், இரண்டு முழுநீளப் படம். வந்த கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தவை இவை.

அக்கா, நேராகவே கேட்கிறேன். இதை வைத்துச் சாப்பிட முடியுமா?

படத்தை மட்டும் நம்பினால் முடியாது தம்பி. எனக்குச் சோறு போடுவது எடிட்டிங் வேலை. நிறுவனங்களின் விளம்பர வீடியோக்களை வெட்டி ஒட்டித்தான் என் படத்துக்கான மாதங்களைச் சேர்க்கிறேன். விழாக்களில் கைதட்டல் தாராளமாகக் கிடைக்கும், காசு அபூர்வம். கொஞ்சமாவது நின்று வருவது, பல்கலைக்கழகங்கள் வகுப்பில் திரையிட வாங்கும் உரிமத் தொகைதான். அந்த உரிமையை விநியோகஸ்தருக்குச் சும்மா எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

முதலில் குயர் விழாவுக்கு அனுப்புவதா, பொது விழாவுக்கா?

முழுநீளப் படமென்றால் அவசரப்படாதீர்கள். பெரிய விழாக்கள் பலவும் முதல் திரையிடல் தங்களிடம்தான் நடக்க வேண்டும் என்பார்கள். குறும்படத்துக்கு அந்தக் கெடுபிடி குறைவு.

சான் பிரான்சிஸ்கோவின் பிரேம்லைன் போன்ற குயர் விழா 1977 முதலே தனியாக நடக்கிறது. பெர்லினில் டெடி (1987), வெனிஸில் குயர் லயன் (2007), கானில் குயர் பாம் (2010) ஆகிய குயர் பட விருதுகளோ, அந்தப் பெரிய விழாக்களுக்கு வரும் படங்களிலிருந்தே தேர்ந்தெடுத்துத் தரப்படுகின்றன. அதனால் இரண்டில் ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம்.

என் அனுபவம் ஒன்று: பொது விழாவில் படம் முடிந்ததும் “உங்க வீட்ல தெரியுமா?” என்று கேட்பார்கள். குயர் விழாவில் “அந்தச் சமையலறை ஷாட் ஏன் அவ்வளவு நீளம்?” என்பார்கள். எனக்கு இரண்டாவது கேள்விதான் பிடிக்கும், பதில் தெரியாவிட்டாலும்.

போனில் எடுத்தால் மதிப்பார்களா?

2015-இல் அமெரிக்காவின் சண்டான்ஸ் விழாவில் திரையிடப்பட்ட, இயக்குநர் ஷான் பேக்கரின் ‘டேஞ்சரின்’, இரண்டு திருநங்கைகளை நாயகிகளாக்கி ஐபோன் 5எஸ்-இல் எடுத்த படம். அதைச் சொல்பவர்கள், அகலத்திரைக் காட்சிக்காகப் போனில் மாட்டிய அனமார்பிக் லென்ஸையும் தனிக் கருவியில் பதிவுசெய்த ஒலியையும் சொல்வதில்லை. கையில் இருக்கும் காசை மைக்கில் போடுங்கள்.

ஆவணப்படத்தில் பேச ஒருவர் சம்மதித்திருக்கிறார். கையெழுத்து வாங்கினால் போதுமா?

வழக்கு வராமல் இருக்க அது போதும்.

என் படத்தில் ஒருவர் இரண்டு மணி நேரம் மனம்விட்டுப் பேசினார், படிவத்திலும் கையெழுத்துப் போட்டார். விழாவுக்குப் பதினொரு நாள் இருக்கையில் போன் வந்தது. “தங்கச்சிக்குக் கல்யாணம் வருது.” அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சட்டப்படி நான் மறுத்திருக்கலாம். படமே அவர்மேல்தான் நின்றது. முகத்தை மங்கலாக்கிப் பார்த்தேன், குற்றவாளி மாதிரித் தெரிந்தார். கடைசியில், பேசும்போது அவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த கைகளை மட்டும் வைத்துக்கொண்டு, அவர் சொன்னதை வேறொருவர் குரலில் பதிவுசெய்தேன். அந்தக் கையிலும் மோதிரம் தெரியும் பகுதியை வெட்டினேன். படம் சுமாராகிவிட்டதென்றார் ஒரு நண்பர். இருக்கட்டும்.

இப்போது மூன்று தடவை கேட்கிறேன்: எடுக்கும் முன்பு, எடிட்டைப் போட்டுக் காட்டிய பின்பு, இணையத்தில் ஏற்றும் முன்பு. விழாவுக்குச் சரி என்றவர் இணையத்துக்கு மறுப்பது சகஜம். அரங்கில் இருநூறு பேர் அந்நியர்கள். இணையத்தில் மாமா, சித்தப்பா எல்லாரும் இருக்கிறார்கள்.

நான் குயர் இல்லை. இந்தக் கதையை எடுக்கலாமா?

எடுக்கலாம். படம் முடிந்த பிறகு “பார்த்துச் சொல்லுங்க” என்று வராமல், எழுதும்போதே சம்பளம் கொடுத்துக் குயர் ஆட்களைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

படம் முடிந்து விழாச் சுற்றும் முடிந்தது. அடுத்து?

பிரதி எடுங்கள். 1919-இல் பாலியல் ஆய்வாளரான மருத்துவர் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் ஜெர்மனியில் இணைந்து எழுதி, நடித்த தன்பாலீர்ப்புப் படத்தைத் தணிக்கை முடக்கியது, பிறகு நாஜிகள் பிரதிகளை அழித்தார்கள். அவர் 1927-இல் இன்னொரு படத்துக்குள் சேர்த்து வைத்த சுருக்கமான வடிவம் தப்பியதால்தான் இன்று கொஞ்சமாவது பார்க்க முடிகிறது. என் முதல் குறும்படம் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. இருந்தது.