இது எந்தக் கெராப்பு (களவா மீன்)?

கேள்வி: சென்ற வாரம் பினாங்கின் பத்து மாவுங்கில் இரண்டு கிலோ எடையுள்ள ஒரு மீன் வாங்கினேன். விற்றவர் அதைப் புலிக் கெராப்பு, அதாவது ‘கெராப்பு ஹரிமாவ்’ என்றார். என் அத்தான் அதை மறுக்கிறார். பழுப்பு உடலில் மிளகளவு புள்ளிகளும் மங்கலான பட்டைகளும் உள்ளன. படம் இணைத்துள்ளேன். யார் சொல்வது சரி?
– வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: உங்கள் அத்தான் சொல்வதே சரி. அகன்ற வாய், இடையில் அறுபடாத ஒரே முதுகுத் துடுப்பு, வட்டமான வால் ஆகியவற்றைக் கொண்டு இது களவாதான் என்பதில் ஐயமில்லை. முதுகுத் துடுப்பின் முட்களை எண்ணினால் 11 வருகிறது. சுனு கெராப்புக்கு எட்டும் திக்குஸ் கெராப்புக்குப் பத்தும்தான் இருக்கும் என்பதால் அவ்விரண்டையும் ஒதுக்கிவிடலாம்.

புலிக் கெராப்பின் தலை விளிம்பு கண்ணுக்கு நேர் மேலே உள்வாங்கி, அங்கிருந்து முதுகுத் துடுப்பு வரை உப்பி எழும்; வால் தொடங்கும் இடத்தின் மேற்புறத்தில், சேணம் போட்டதுபோல் ஒரு கருந்திட்டும் இருக்கும். உங்கள் மீனில் இரண்டுமே இல்லை. (புலிக் கெராப்பையும் கெர்த்தாங் எனப்படும் ராட்சதக் களவாவையும் கலந்து, சபா பல்கலைக்கழகத்தில் 2006இல் உருவாக்கப்பட்ட கலப்பினமும் சந்தைக்கு வருவதால், பெயர்க் குழப்பம் இப்போது சற்று அதிகம்தான்.)

உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. வயிற்றுப் பக்கம் இறங்கும்போது கவையாகப் பிரியும் ஐந்து சாய்ந்த பட்டைகள், செம்புள்ளிக் களவாவுக்கும் மலபார் களவாவுக்கும் பொது. முன்னதன் புள்ளிகள் ஆரஞ்சு கலந்த செம்பழுப்பு. பின்னதன் புள்ளிகள் கறுப்பை ஒட்டியவை, அவற்றினூடே வெளிறிய திட்டுகளும் சிதறிக் கிடக்கும். ஆனால் இறந்த மீனை ஐஸில் வைத்த பிறகு செம்மை மங்கிப் பழுப்பாகிவிடுவதால், உடல் நிறத்தைப் பார்த்து மட்டும் தீர்ப்புச் சொல்வதற்கில்லை. உங்கள் படத்தில் கன்னத்திலும் செவுள் மூடியிலும் உள்ள புள்ளிகள் இன்னமும் செங்கல் நிறத்தில் இருக்கின்றன. வெளிறிய திட்டு ஒன்றுகூட இல்லை. எனவே இது எபினெஃபெலஸ் கோயோய்டஸ் எனப்படும் செம்புள்ளிக் களவா. பழைய மீன்வளர்ப்பு நூல்கள் பலவற்றில் இதே மீன் தவறாக ‘டாவினா’ என்ற வேறொரு களவா இனமாகக் குறிக்கப்பட்டிருப்பதால், மீன் விற்றவரை நான் பெரிதாகக் குறை சொல்ல மாட்டேன். மலபார் களவாவின் பெயரும் வேடிக்கையானதே: 1801இல் அதற்கு அறிவியல் பெயர் சூட்டியபோது கையிலிருந்த மீன், மலபாரிலிருந்து அல்ல, தரங்கம்பாடியிலிருந்து போனது.

அடுத்த முறை முதுகுத் துடுப்பை நன்றாக விரித்துப் பிடித்து, நேர் பக்கவாட்டில் படம் எடுத்து அனுப்புங்கள். இம்முறை அந்த 11 முட்களை எண்ணி முடிப்பதற்குள் கண் வலித்துவிட்டது.