மீற்றர் பலகைக்கு எல்.ஈ.டி. விளக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வாகன மின்வேலை பற்றி மலையகத்திலிருந்து வந்த கடிதங்களில், மீற்றர் பலகை விளக்குகள் தொடர்பானவை மட்டும் இம்முறை சேர்த்துத் தரப்படுகின்றன.

கேள்வி: ஐயா, என்னிடம் இருப்பது பழைய டொல்பின் வேன். இரவில் கினிகத்தேனைப் பக்கம் இறங்கும்போது மீற்றர் பலகை மங்கிக் கிடப்பதால், டீசல் முள் எங்கே நிற்கிறது என்பதே தெரிவதில்லை. நீல நிற எல்.ஈ.டி. போட்டால் பளிச்சென்று இருக்கும் என்று உதிரிப்பாகக் கடையில் சொல்கிறார்கள். போடலாமா?
– வேன் சாரதி, ஹற்றன்

பதில்: எல்.ஈ.டி. போடலாம், நீலம் வேண்டாம்.

புதிய குமிழ் வாங்குவதற்கு முன்னர், பழையது ஏன் மங்கியது என்று பார்த்துவிடுங்கள். இழைக் குமிழ் வருடக்கணக்கில் எரியும்போது அதன் தங்குதன் இழை சிறிது சிறிதாக ஆவியாகிக் கண்ணாடியின் உட்புறத்தில் கரும்படலமாகப் படிகிறது. இது ஒரு காரணம். இதைவிட அடிக்கடி காணப்படும் காரணம், குமிழுக்குப் போய்ச் சேர வேண்டிய மின்னழுத்தம் வழியிலேயே குறைந்துவிடுவது. இழைக் குமிழுக்குக் கிடைக்கும் வோல்ற்றளவு பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே அதன் ஒளி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். வட்டவளை, கினிகத்தேனை போன்ற மழை ஓயாத ஊர்களில் ஓடும் வாகனத்தில் ஹோல்டரின் செப்புத் தகடு களிம்பேறுவதும், வாகனச் சட்டத்தோடு இணையும் எர்த் வயரின் நுனி துருப்பிடிப்பதும் சாதாரணம். அவற்றைச் சுத்தம் செய்து, புதிய இழைக் குமிழைப் போட்டுப் பார்த்தால், பல வாகனங்களில் வேலை அத்துடன் முடிந்துவிடும். களிம்பைச் சுரண்டாமல் எல்.ஈ.டி.யைப் பொருத்தினால், அது குறைந்த மின்னோட்டத்தில் எரிவதால் முதலில் நன்றாகவே தெரியும். ஆனால் தோட்டத்து வீதியில் வண்டி குலுங்கும்போதெல்லாம் மினுங்கத் தொடங்கும்.

அதன் பின்னரும் மாற்ற விரும்பினால், பழைய குமிழைக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள். அக்கால ஜப்பானிய வாகனங்களின் மீற்றர் பலகையில், உலோகத் தொப்பி இல்லாமல் கண்ணாடி அடியே ஆப்பு வடிவில் தட்டையாக அமைந்த இரு வகைகள் அதிகம் உள்ளன. ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் தடிப்புள்ள ரி10 பெரும்பாலும் முகப்பை ஒளிரச் செய்யவும், அதில் பாதித் தடிப்புள்ள ரி5 பெரும்பாலும் எச்சரிக்கை விளக்குகளுக்கும் பயன்படுகின்றன. எல்.ஈ.டி. வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒளி விழும் திசை. இழைக் குமிழ் எல்லாப் பக்கமும் ஒளியைச் சிந்துவதால், அந்த ஒளி பலகைக் கூட்டின் வெள்ளை உட்சுவரில் பட்டுத் தெறித்து முகப்பு முழுவதும் சமமாகப் பரவும்படி அதை அமைத்திருக்கிறார்கள். நுனியில் மட்டும் ஒளி காலும் மலிவான எல்.ஈ.டி.யை அங்கே செருகினால், 40ஆம் இலக்கம் கண்ணைக் குத்தும், 80ஆம் இலக்கம் இருட்டில் கிடக்கும். பக்கவாட்டிலும் ஒளிச் சில்லுகள் உள்ள வகையையே கேட்டு வாங்குங்கள். அதன் நீளம் பழைய குமிழின் நீளத்தை மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் உள்ளே தட்டும்.

இனி நிறம். பல மீற்றர் பலகைகளில் குமிழின் மேல் பச்சை அல்லது நீலப்பச்சை இறப்பர் உறை இருக்கும், அல்லது முகப்பு எழுத்துகளின் பின்புறத்தில் நிறப்பூச்சு இருக்கும். இழைக் குமிழின் ஒளியில் எல்லா நிறங்களும் கலந்திருப்பதால், அந்த உறை தனக்கு வேண்டியதை மட்டும் வடித்துக்கொள்கிறது. நிற எல்.ஈ.டி.யோ குறுகிய ஒரு நிறத்தை மட்டுமே தருகிறது. பச்சை உறைக்குப் பின்னால் சிவப்பு எல்.ஈ.டி.யை வைத்தால் வெளியே ஒளி வராது என்றே சொல்லலாம். நீல ஒளியில் செம்மஞ்சள் முள் கறுத்துப் போய்விடும். டீசல் முள் தெரியவில்லை என்று எழுதிய உங்களுக்கு அது இன்னும் வசதிக் குறைவு. மஞ்சள் கலந்த வெள்ளையே எதற்கும் ஒத்துவரும்.

நீலத்தை மறுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கண் இருட்டுக்கு முழுமையாகப் பழகுவதற்கு 20 முதல் 30 நிமிடங்கள் வரை செல்லும். அப்படிப் பழகிய கண், நீலப்பச்சைப் பக்க ஒளிக்கே மிகவும் கூச்சப்படுகிறது. நீல எழுத்துகள் இரவில் சற்றே கலங்கித் தெரிவதும், கண்ணின் வில்லை நீலத்தையும் சிவப்பையும் ஒரே இடத்தில் குவிக்காததால் நேர்வது. கினிகத்தேனை வளைவுகளில் பனிமூட்டம் இறங்கிய நேரத்தில், முன்கண்ணாடியின் கீழ்ப்பாதியில் உங்கள் மீற்றர் பலகையின் பிரதிபலிப்பு ஒட்டிக்கொண்டிருந்தால், வீதியோர வெள்ளைக் கோட்டைத் தேடுவதற்கு நீங்கள் படும் பாட்டை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மீற்றர் பலகை பார்த்தவுடன் வாசிக்கக் கூடியதாக இருந்தால் போதும். அதற்கு மேல் உள்ள ஒவ்வொரு துளி வெளிச்சமும் வீதியைப் பார்ப்பதிலிருந்து கழிக்கப்படுவதே.

இதனால் ஒளியைக் குறைக்கும் திருகு வேலை செய்கிறதா என்பது முக்கியமாகிறது. பழைய வாகனங்களில் இத்திருகு ஒரு மாறுந்தடையாகும். இழைக் குமிழ்கள் இழுக்கும் மின்னோட்டம் அதனூடாகப் பாய்வதால்தான் மின்னழுத்தம் குறைந்து ஒளி மங்குகிறது. எல்.ஈ.டி.கள் இழுப்பது மிகச் சொற்பம் என்பதால், திருகை எவ்வளவு திருப்பினாலும் ஒளி அப்படியே இருக்கும். ஒரேயொரு இழைக் குமிழை அதே சுற்றில் விட்டுவைத்தால் திருகுக்கு ஓரளவு பிடி கிடைக்கும். அதுவும் போதாவிட்டால், குறைந்த ஒளியுள்ள எல்.ஈ.டி.யாகத் தெரிந்தெடுங்கள், கூடியதை வாங்கிப் பிறகு மறைக்க முயல வேண்டாம்.

பற்றரிக்கு மிச்சம் என்று கடைக்காரர் சொல்வதை நம்பி மட்டும் மாற்றாதீர்கள். 3.4 வாற்றுக் குமிழ்கள் நான்கும் சேர்ந்து எரிந்தாலும் 14 வாற்றைத் தாண்டாது. முன் விளக்குகள் இரண்டும் 110 வாற்று எடுக்கும்போது அது ஒரு கணக்கல்ல. எல்.ஈ.டி.யின் உண்மையான நன்மை வேறு. குலுக்கத்தில் அறுந்துபோக அதில் இழை இல்லை, பிளாஸ்டிக்கைப் பழுக்க வைக்கும் சூடும் இல்லை.

பலகையைக் கழற்றும் முன்னர் பற்றரியின் மறை முனையைக் கழற்றிவிடுங்கள். காற்றுப்பை உள்ள வாகனமாயின் சில நிமிடங்கள் பொறுத்திருந்து, மஞ்சள் நிற இணைப்பிகளில் கை வைக்காமல் வேலை செய்யுங்கள். ஸ்பீடோமீற்றர் கேபிளைக் கழற்றாமல் பலகையை வெளியே இழுக்கக் கூடாது. ஹோல்டர்கள் பின்புறத்தில் கடதாசி போன்ற மெல்லிய செப்புத் தாளின் மேல் அமர்ந்திருக்கும். அவற்றைக் கால் சுற்று மட்டும், மெதுவாகத் திருப்ப வேண்டும். அந்தத் தாள் கிழிந்தால் வேறு பலகை தேடி அலைய நேரிடும். பூட்டி மூடுவதற்கு முன்னர் விளக்கைப் போட்டுப் பாருங்கள். எரியாத எல்.ஈ.டி. பழுதென்று எண்ண வேண்டாம். அதில் மின்னோட்டம் ஒரு திசையில் மட்டுமே பாயும் என்பதால், பிடுங்கித் திருப்பிச் செருகினால் எரியும்.

கேள்வி: என்னுடைய பழைய காரில் மீற்றர் பலகையில் இருந்த எல்லாக் குமிழ்களையும் எல்.ஈ.டி.யாக மாற்றினேன். அதன் பின்னர் காலையில் பற்றரி இறங்கிவிடுகிறது. பற்றரி புதியது. வயரிங் பாஸ், அல்ரநேற்றர் பழுது என்று சொல்கிறார். இரண்டுக்கும் தொடர்பு இருக்குமா?
– வாசகர், பண்டாரவளை

பதில்: இருக்க மிகுந்த வாய்ப்புண்டு. எஞ்சினால் சுழன்று பற்றரிக்கு மின்னேற்றும் அல்ரநேற்றரைக் கழற்றுவதற்கு முன்னர், பற்றரிப் படம் போட்ட சிவப்பு விளக்கின் பழைய குமிழை மட்டும் திரும்பப் போட்டுப் பாருங்கள்.

பல பழைய வாகனங்களில் அந்த விளக்கு வெறும் அறிவிப்புக்காக மட்டும் இருப்பதில்லை. திறப்பைத் திருப்பியதும் பற்றரியிலிருந்து வரும் மின்னோட்டம் அந்தக் குமிழைக் கடந்துதான் அல்ரநேற்றரின் உட்சுருளுக்குப் போய், அதில் முதற் காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. எஞ்சின் இயங்கி அல்ரநேற்றர் மின்னை உற்பத்தி செய்யத் தொடங்கியதும், குமிழின் இரு முனைகளிலும் ஒரே அழுத்தம் நிலவுவதால் அது அணைகிறது. 3.4 வாற்று இழைக் குமிழ் ஏறத்தாழ கால் அம்பியர் மின்னோட்டத்தை விடும், எல்.ஈ.டி. விடுவது அதில் பத்தில் ஒரு பங்குகூட இராது. அவ்வளவு சிறிய மின்னோட்டத்தால் சுருள் விழித்துக்கொள்ளாமல், எஞ்சின் மெதுவாக ஓடும் நேரமெல்லாம் மின்னேற்றம் நடைபெறாமலே இருக்கலாம். அக்சிலரேற்றரை நன்றாக அழுத்திய பிறகே மின்னேற்றம் தொடங்கும் என்றால், சந்தேகமே வேண்டாம். மாலையில் கடைவீதி வரை மட்டும் போய்வரும் காருக்கு அந்த வேகம் கிடைக்காத நாட்களும் இருக்கும்.

அளந்து பார்ப்பதும் எளிது. ஓய்வில் உள்ள நல்ல பற்றரியில் ஏறத்தாழ 12.6 வோல்ற்று இருக்கும். எஞ்சின் ஓடும்போது அதே முனைகளில் 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். எஞ்சினை முடுக்காமல் ஒருமுறையும் முடுக்கி ஒருமுறையும் அளந்தால் உண்மை தெரிந்துவிடும். எல்.ஈ.டி.தான் வேண்டும் என்றால், அந்த விளக்குக்குப் பக்கவிணைப்பாக 47 அல்லது 50 ஓம், 5 வாற்றுத் தடையி ஒன்றைச் சேர்க்கலாம். அது சுடும், பிளாஸ்டிக்கிலிருந்தும் வயர்க் கட்டிலிருந்தும் தள்ளிப் பொருத்த வேண்டும். ஒரு சிறிய குமிழுக்காக இவ்வளவு சிரமம் எதற்கு என்பதே என் எண்ணம். ஐ.ஜி. என்று குறிக்கப்பட்ட தனி முனையால் உட்சுருளுக்கு மின்னூட்டும் அல்ரநேற்றர்களில் பெரும்பாலும் இந்தத் தொல்லை வராது.

ஒயில் அழுத்தம், பிறேக் போன்ற ஏனைய எச்சரிக்கை விளக்குகளையும் இழைக் குமிழாகவே விட்டுவிடுமாறு சொல்வேன். அவை எப்போதாவது எரிபவை, தேய்வதும் அரிது. எல்.ஈ.டி. ஆக்கினால், சுற்றில் கசியும் சிறு மின்னோட்டத்துக்கே மங்கலாக எரிந்து, சாரதியை வீணாகப் பயமுறுத்தும். பிறகு உண்மையாக எரியும்போது அவர் பொருட்படுத்த மாட்டார்.

கேள்வி: முச்சக்கரவண்டியின் மீற்றரில் போட்ட எல்.ஈ.டி. துடித்துத் துடித்து எரிந்து, சில நாட்களில் செத்துவிட்டது. இரண்டாவதும் அப்படியே. கடைக்காரர் போலிச் சாமான் கொடுத்துவிட்டாரா?
– ஓட்டோ சாரதி, தலவாக்கலை

பதில்: அவரைக் குறை சொல்வதற்கு முன்னர் ஒரு சோதனை செய்யுங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு, திறப்பைத் திருப்பி விளக்குச் சுவிச்சைப் போடுங்கள். முன் விளக்கும் மீற்றர் விளக்கும் எரியாமல், எஞ்சினை இயக்கிய பின்னரே எரிந்தால், அவை பற்றரியால் எரியவில்லை. எஞ்சினோடு சுழன்று மின் தரும் மக்னீற்றோவிலிருந்து நேரே வரும் ஆடலோட்டத்தால் எரிகின்றன. பழைய முச்சக்கரவண்டிகளிலும் மோட்டார் சைக்கிள்களிலும் இந்த அமைப்பு உண்டு.

ஆடலோட்டம் ஒரு வினாடியில் பல முறை திசை மாறுகிறது. எல்.ஈ.டி. அதில் பாதி நேரம் மட்டுமே எரிவதால் துடிக்கிறது. மெதுவாக ஓடும்போது அது கண்ணுக்கே தெரியும். எதிர்த்திசையில் எல்.ஈ.டி. ஒன்றால் தாங்க முடிவது ஏறத்தாழ 5 வோல்ற்றுதான். 12 வோல்ற்று என்று நாம் சொல்லும் ஆடலோட்டமோ தன் உச்சியில் 17 வோல்ற்றைத் தொடுகிறது. இரண்டும் இறந்ததில் வியப்பில்லை.

மீற்றர் விளக்கு வயரை மட்டும் பிரித்து, பற்றரியிலிருந்து சுவிச்சின் வழியாக வரும் நேரோட்டத்தில் கொடுப்பது நல்ல தீர்வு. சிறிய ஃபியூஸ் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதைச் செய்ய விருப்பமில்லையெனில், பழைய இழைக் குமிழே போதும். ஆடலோட்டத்தில் அது எந்தக் குறையுமின்றி எரியும்.

கேள்வி: எங்களிடம் அந்தக் காலத்து லேண்ட் ரோவர் ஒன்று இருக்கிறது. மீற்றர் குமிழ் திருகாணி போல் திருகிப் பொருத்துவது. எல்.ஈ.டி. வாங்கிப் போட்டால் எரியவே இல்லை. திருப்பிப் போடவும் வழியில்லை.
– வாசகர், மஸ்கெலியா

பதில்: பற்றரியின் எந்த முனை சட்டத்தோடு இணைக்கப்பட்டுள்ளது என்று பாருங்கள். 1960களின் நடுப்பகுதி வரை வந்த லேண்ட் ரோவர்கள் பலவற்றில் நேர் முனையே எர்த் ஆக இருந்தது. இன்றைய திருகு எல்.ஈ.டி.கள் மறை முனை எர்த் என்ற எண்ணத்தில் செய்யப்படுகின்றன. இரு திசையிலும் எரியும் வகை என்று கேட்டு வாங்கினால் எரியும். வண்டியில் அல்ரநேற்றருக்குப் பதிலாக இன்னும் பழைய டைனமோவே இருந்தால், பண்டாரவளை வாசகருக்குச் சொன்ன மின்னேற்றச் சிக்கல் உங்களுக்கு இல்லை. டைனமோவின் முதற் காந்தப் புலம் அதன் இரும்பில் எஞ்சியுள்ள காந்தத்திலிருந்து வருவதால், அந்தச் சிவப்பு விளக்கு அங்கே அறிவிப்பு மட்டுமே.

கேள்வி: மரக்கறி லொறிக்கு எல்.ஈ.டி. போட்டவுடனேயே கருகிவிட்டது.
– சாரதி, வெலிமடை

பதில்: உங்கள் லொறியில் பற்றரி இரண்டு இருந்தால் அது பெரும்பாலும் 24 வோல்ற்று அமைப்பாக இருக்கும், ஓட்டத்தில் 28 வோல்ற்று வரை ஏறும். 24 வோல்ற்று என்றோ, 10 முதல் 30 வோல்ற்று என்றோ எழுதியுள்ளதை வாங்குங்கள்.

கேள்வி: மோட்டார் சைக்கிளின் மீற்றரில் சிக்னலுக்கென்று ஒரே ஒரு பச்சை விளக்குத்தான் உண்டு. எல்.ஈ.டி. போட்ட பிறகு இடப்பக்கம் போட்டால் மினுங்குகிறது, வலப்பக்கம் போட்டால் இல்லை. வெளி விளக்குகள் இரண்டு பக்கமும் சரியாக மினுங்குகின்றன.
– மாணவர், பதுளை

பதில்: அந்த விளக்கு இடப்பக்க வயருக்கும் வலப்பக்க வயருக்கும் இடையே தொடுக்கப்பட்டிருக்கிறது. இடப்பக்கம் போடும்போது மின்னோட்டம் அதனூடாக ஒரு திசையில் சென்று, வலப்பக்கக் குமிழ்களின் வழியே எர்த்தை அடைகிறது. வலப்பக்கம் போடும்போது எதிர்த்திசையில் வருகிறது. இழைக் குமிழுக்குத் திசை பற்றிய கவலை இல்லை, எல்.ஈ.டி.க்கு உண்டு. இரு திசையிலும் எரியும் எல்.ஈ.டி. போட்டால் சரியாகும். வெளி விளக்குகளையும் எல்.ஈ.டி. ஆக்கும் எண்ணம் இருந்தால், இந்த இணைப்பு முறையே ஒத்துவராது: நான்கு பக்கமும் சேர்ந்து மினுங்கத் தொடங்கலாம். அப்போது அந்த மீற்றர் விளக்கின் ஒரு முனையை எர்த்தில் கொடுத்து, மறு முனைக்கு இரு பக்க வயர்களிலிருந்தும் மின்னை ஒரு திசையில் மட்டும் விடும் இருவாயி (டயோட்) ஒவ்வொன்றின் வழியாக மின்னைக் கொண்டுவர வேண்டும்.