அவர் தந்தது பரிசா, சம்பளமா?

கேள்வி: நான் கோவையில் ஒரு பொதுத்துறை வங்கியில் அதிகாரி. என் மகள் டென்னிஸ் உதவித்தொகையில் அமெரிக்கத் தென்மாநிலம் ஒன்றில், கல்லூரி விளையாட்டின் உயர்நிலையான முதல் பிரிவில் ஆடும் பல்கலைக்கழகத்தில் எஃப்-1 மாணவர் விசாவில் படிக்கிறாள். அந்த ஊரில் உணவகங்கள் நடத்தும் தமிழர் ஒருவர், அமெரிக்கக் குடிமகன், அந்தப் பல்கலைக்கழக விளையாட்டுத் துறைக்குப் பெரிய நன்கொடையாளர். என் மகள் அவரை மாமா என்றுதான் அழைப்பாள். சென்ற ஆண்டு அவளுடைய உபயோகத்துக்கு ஒரு கார் கொடுத்தார். இரண்டு மாதங்களுக்கு முன் அவருடைய புதுக் கிளைத் திறப்பு விழாவில் இவள் அணிச் சட்டையுடன் நின்று படம் எடுத்துக்கொண்டாள். அடுத்த வாரம் என் வங்கிக் கணக்குக்கு நான்கு லட்சம் ரூபாய் அனுப்பி, ‘அக்காவின் அறுவை சிகிச்சைக்கு என் பரிசு’ என்றார் (என் மனைவியைத்தான் அக்கா என்கிறார்). இப்போது மாதம் 1,500 டாலருக்கு உணவகத்தின் விளம்பர முகமாக இருக்க ஒப்பந்தம் தருகிறார். ‘இதெல்லாம் இப்போது சட்டப்படியே சரி’ என்று சக வீராங்கனைகள் சொல்கிறார்கள். பயிற்சியாளரும் கவலைப்பட வேண்டாம் என்றாராம். ஆனால் அந்த நன்கொடையாளர், பல்கலைக்கழகத்திடம் எதையும் சொல்ல வேண்டாம் என்கிறார். இது குற்றமா? நல்ல மனிதரின் உதவியை மறுப்பது நியாயமா?

பதில்: முதலில் உங்கள் மகள் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம். காரைப் பயன்படுத்துவதையும் இன்றே நிறுத்திவிடச் சொல்லுங்கள். மற்றவற்றை விளக்கமாகச் சொல்கிறேன்.

சக வீராங்கனைகள் சொல்வது பொய் அல்ல, அவர்களைப் பொறுத்தவரை பெரும்பாலும் உண்மை. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. பல பத்தாண்டுகளாக, வீரர்கள் உதவித்தொகைக்கு மேல் எதுவும் வாங்கக்கூடாது என்று அடக்கி வைத்திருந்தது. பயிற்சியாளர்கள் கோடிகளில் சம்பளம் வாங்கிய அதே மைதானத்தில், வீரனுக்கு யாராவது இரவு உணவு வாங்கிக் கொடுத்தாலும் விதிமீறல். அது அநியாயமான ஏற்பாடு என்பதுதான் என் உறுதியான கருத்து. 2021 ஜூன் 21 அன்று ஆல்ஸ்டன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்தே வீரர்கள் தங்கள் பெயர், உருவம், சாயல் ஆகியவற்றை விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்க வழி திறந்தது. இதைத்தான் என்.ஐ.எல். என்கிறார்கள். 2025 ஜூனில், ஹவுஸ் என்ற வீரரின் பெயரால் அழைக்கப்படும் வழக்கின் சமரசத்தை நீதிபதி கிளாடியா வில்கன் ஏற்றார். அதன்படி பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம், முதல் ஆண்டில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஏறத்தாழ 2.05 கோடி டாலர் வரை.

ஆனால் நன்கொடையாளர் நினைத்ததைக் கொடுக்கலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. அவரைப் போன்றவர்களை அங்கே ‘பூஸ்டர்’ என்பார்கள். வெளியார் தரும் பணம் 600 டாலரைத் தொட்டால் அறிவித்தாக வேண்டும். ஹவுஸ் சமரசத்தை ஏற்ற பல்கலைக்கழகமாக இருந்து, அவர் அதற்கு வாழ்நாளில் 50,000 டாலருக்கு மேல் கொடுத்தவராகவும் இருந்தால், ஒப்பந்தத்துக்கு உண்மையான வணிக நோக்கம் இருக்கிறதா, தொகை சந்தை அளவுக்குள் இருக்கிறதா என்ற சோதனையும் உண்டு. விளம்பர வேலை எதுவும் இல்லாமல், அணிக்கு ஆடுகிறாள் என்பதற்காக மட்டுமே தரும் கார், பணம், பெற்றோருக்கான உதவி எல்லாம் இன்றும் தடை செய்யப்பட்டவையே.

உங்கள் மகளின் நிலைமையோ அமெரிக்க வீராங்கனையின் நிலைமையே அல்ல. எஃப்-1 விசாவில் இருப்பவர் வளாகத்துக்கு வெளியே அனுமதி பெறாமல் வேலை செய்யக்கூடாது. என்.ஐ.எல்.லுக்கென்று அந்த விதிகளில் விலக்கு எதுவும் இல்லை. கூலி பணமாகத்தான் வர வேண்டும் என்பதும் இல்லை, பொருளாக வந்தாலும் கூலிதான்.

இனி அந்தக் கார், திறப்பு விழா, நான்கு லட்சம் ஆகிய மூன்றையும் ஒரு வழக்கறிஞரின் கண்ணால் பாருங்கள். அவையெல்லாம் பரிசு என்றால், பூஸ்டரிடமிருந்து பெற்ற முறையற்ற ஆதாயம். அவளுடைய ஆடும் தகுதி ஆட்டம் காணும். விழாவில் நின்றதற்கான ஊதியம் என்றால், அனுமதியற்ற வேலை. விசாவே ஆட்டம் காணும். இரண்டில் எந்தப் பெயரைச் சொன்னாலும் ஒரு விதி இடிக்கிறது. பெயர் சூட்டுவது உங்கள் கையிலும் இல்லை. 1960-இல் டூபர்ஸ்டீன் என்ற வரி வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. வாடிக்கையாளர்களை அறிமுகப்படுத்திய ஒருவருக்கு, தொழில் பழக்கமுள்ள வணிகர் ஒரு கேடிலாக் காரைக் கொடுத்து, பரிசு என்றார். நீதிமன்றம் அதைப் பரிசாக ஏற்கவில்லை. கொடுத்தவர் கைம்மாறு கருதாத அன்பினால் கொடுத்தாரா, பெற்ற அல்லது பெறப்போகும் சேவைக்காகக் கொடுத்தாரா என்பதே அளவுகோல். விழா முடிந்த அடுத்த வாரம் வந்த நான்கு லட்சத்தை அந்த அளவுகோலில் வைத்தால் எப்படித் தெரியும் என்று நீங்களே யோசியுங்கள்.

விசா மீறல் எவ்வளவு கடுமையானது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். படிப்பு நேரம் குறைந்தது போன்ற பிழைகளில் இழந்த மாணவர் நிலையை மீட்டுத் தரும்படி விண்ணப்பிக்க வழி உண்டு. அனுமதியின்றி வேலை செய்தவருக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. ஆகவே என்.சி.ஏ.ஏ.வின் தண்டனை ஒரு பருவ ஆட்டத்தோடு போகலாம், இது படிப்பையே கொண்டுபோய்விடும்.

குற்றமா என்று கேட்டீர்கள். நீங்கள் சொன்ன அளவில் உங்கள் மகள் மீது அங்கே கிரிமினல் வழக்கு வரும் என்று நான் கருதவில்லை. 2017-இல் எஃப்.பி.ஐ. வெளிக்கொண்டுவந்த கூடைப்பந்து லஞ்ச விவகாரத்தில், வீரர்களின் குடும்பங்களுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்த வழக்கில் அடிடாஸ் நிர்வாகி ஜேம்ஸ் கேட்டோ 2018-இல் குற்றவாளி எனத் தீர்ப்பானது. தகுதியற்றவருக்கு உதவித்தொகை கொடுக்கும்படி பல்கலைக்கழகத்தையே ஏமாற்றினார்கள் என்பதே குற்றச்சாட்டு. வீரர்கள் மீது வழக்குப் போடவில்லை. ஆனால் அந்த வழக்கின் தர்க்கத்தைக் கவனியுங்கள்: குற்றம் பணத்தில் இல்லை, மறைத்ததில் இருந்தது. உங்கள் மகளும் ஒவ்வோர் ஆண்டும் தகுதி குறித்து ஒரு படிவத்தில் கையெழுத்திடுகிறாள். அதில் பொய் சொன்னால் அது தனிக் குற்றச்சாட்டாகும்.

உண்மையான ஆபத்து உங்களுக்கு, இங்கே இருக்கிறது. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010-இன் மூன்றாம் பிரிவு, அரசு ஊழியரும் அரசுக்குச் சொந்தமான நிறுவனங்களின் ஊழியரும் வெளிநாட்டுப் பங்களிப்பு பெறுவதைத் தடை செய்கிறது. பொதுத்துறை வங்கி அதிகாரியான நீங்கள் அதற்குள் வருகிறீர்கள். தமிழராக இருந்தாலும் அவர் அமெரிக்கக் குடிமகன், சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டு மூலம். உறவினர் தரும் பணத்துக்கு விலக்கு உண்டு, மாமா என்று அழைப்பதால் அவர் சட்டப்படி உறவினராகிவிட மாட்டார். மீறினால் ஐந்தாண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும் விதிக்க இடமுண்டு. இது போதாதென்று, உறவினர் அல்லாதவர் தரும் பணம் ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகைக்கும் வருமான வரி, வங்கியின் நடத்தை விதிகளின்படி துறை விசாரணை. இச்சட்டத்தில் பழகிய ஒரு வழக்கறிஞரை உடனே பாருங்கள். அந்தப் பணத்தைச் செலவிடாதீர்கள். செலவாகியிருந்தால் கடன் வாங்கியாவது சேர்த்துவைத்து, வழக்கறிஞர் சொல்லும் முறையில் வங்கி வழியாகவே திருப்பி அனுப்புங்கள். நீங்களாகவே திருப்பியதற்கு எழுத்தில் ஆதாரம் இருப்பது பின்னால் பெரிய பலம்.

நியாயமா என்ற கேள்விக்கு வருகிறேன். அவரைத் தவறானவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விஷயம் வெளியே வந்தால் யார் இழப்பார் என்று பாருங்கள். தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ரெஜி புஷ், கல்லூரி அமெரிக்கக் கால்பந்தின் உயரிய விருதான ஹைஸ்மன் கோப்பையை 2005-ஆம் ஆண்டுக்காக வென்றவர். அவரும் குடும்பமும் வெளியாரிடம் பணமும் பெற்றோர் குடியிருக்க வீடும் பெற்றதாக என்.சி.ஏ.ஏ. முடிவு செய்தது. 2010-இல் கோப்பை கைவிட்டுப் போனது, திரும்பி வர 2024 ஆயிற்று. அவருடைய பயிற்சியாளர் பீட் கேரல், தீர்ப்பு வருவதற்கு முன்பே சியாட்டில் தொழில்முறை அணிக்குப் போய்விட்டார். அதற்கும் முன், டெக்சாஸின் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் நன்கொடையாளர்கள் வீரர்களுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்துவந்தார்கள். நிர்வாகக் குழுத் தலைவராக இருந்து பின்னர் மாநில ஆளுநரான பில் கிளெமென்ட்ஸே, தெரிந்துதான் தொடர்ந்தோம் என்று ஒப்புக்கொண்டார். அந்த அமெரிக்கக் கால்பந்து அணியின் 1987-ஆம் ஆண்டு ஆட்டங்கள் முழுவதும் ரத்தாயின. எதையும் வாங்காத மாணவர்களும் மைதானத்தை இழந்தார்கள்.

எனக்கு உறுத்துவது ‘சொல்ல வேண்டாம்’ என்ற அந்தச் சொல்தான். வெளிநாட்டில் தனியாக இருக்கும் ஓர் இளம்பெண்ணின் போக்குவரத்து, வருமானம், தந்தையின் கடன்பாடு மூன்றும் ஒரே மனிதரின் கையில், வேறு யாருக்கும் தெரியாமல் இருக்கக்கூடாது. நாளைக்கு அவர் எதையாவது கேட்டால், மறுக்கும் சுதந்திரம் அவளுக்கு வேண்டும். யாருக்குக் காயம், யார் நாளை ஆடமாட்டார் என்பது போன்ற அணியின் உள்தகவல் அவர் வாயிலாகப் பந்தயக்காரர்களிடம் போனாலும் பழி அவள் மேல்தான் விழும்.

அங்கே செய்ய வேண்டியதற்கு ஒரு வரிசை உண்டு. மாணவர் விசாவில் அனுபவமுள்ள அமெரிக்கக் குடிவரவு வழக்கறிஞரை அவள் முதலில் பார்க்கட்டும். சர்வதேச மாணவர் அலுவலகம் அன்பானவர்களால் ஆனதாக இருக்கலாம், ஆனால் அங்கே பேசுவதற்கு வழக்கறிஞர்-கட்சிக்காரர் ரகசியம் கிடையாது, விசா நிலையை அரசுக்குத் தெரிவிப்பது அவர்களின் கடமை. அந்த வழக்கறிஞரின் துணையோடு, தாமதிக்காமல், பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விதிகள் பின்பற்றப்படுவதைக் கவனிக்கும் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்தில் எழுத்தில் சொல்ல வேண்டும். தானே முன்வந்து சொன்னவர்களிடம், ஆதாயத்தின் மதிப்பை ஓர் அறநிறுவனத்துக்குக் கட்டச்சொல்லித் தகுதியை மீட்டுத் தரும் நடைமுறை அங்கே உண்டு.

அமெரிக்கத் தோழிகள் சம்பாதிக்கும்போது உங்கள் மகள் மட்டும் கைகட்டி நிற்பது அநீதிதான். விடுமுறையில் கோவைக்கு வரும்போது இங்குள்ள நிறுவனத்துடன் ஒப்பந்தமிட்டு, இங்கேயே படப்பிடிப்பு முடித்து, இங்கேயே பணம் பெறும் வழியைப் பற்றி அந்த வழக்கறிஞரிடம் கேளுங்கள். கென்டக்கியில் ஆடிய காங்கோ வீரர் ஆஸ்கர் ஷீப்வே 2022-இல் அணியோடு பஹாமாஸ் சென்றபோது விளம்பர வேலைகளை அங்கே முடித்தார். அப்படிச் செய்தாலும் 600 டாலரைத் தொட்டால் அறிவிக்க வேண்டும்.

அந்த நண்பருக்கு நீங்களே போன் செய்து சொல்லுங்கள், மகளிடம் விடாதீர்கள். நன்றி சொல்லி, பணம் திரும்ப வருகிறது, கார் சாவியும் வருகிறது, விதிப்படி எல்லாவற்றையும் பல்கலைக்கழகத்திடம் தெரிவிக்கிறோம் என்று சொன்னால் போதும். பிறகு அதையே ஒரு மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள். பயிற்சியாளர் கவலைப்பட வேண்டாம் என்றது எந்தத் தேதியில், யார் முன்னிலையில் என்பதையும் மகள் இப்போதே குறித்து வைக்கட்டும். விசாரணை வந்தால் அவர் அந்தப் பேச்சை நினைவில் வைத்திருப்பார் என்று நம்பி இருக்காதீர்கள்.