கதைகளில் வரும் குறியீடு, படிமம், நனவோடை போன்றவற்றை எப்படிப் புரிந்துகொள்வது?

விளக்கத்தைப் படித்தாலும் கதைக்குள் எது படிமம், எது குறியீடு, எது நனவோடை என்று பிடிபடவில்லை என்கிறீர்கள். பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். கதையை யார் சொல்கிறார், அவருக்கு எவ்வளவு தெரியும் என்பதை முதலில் பாருங்கள். பாதிக்கு மேல் அதிலேயே விளங்கிவிடும்.

நான் சேலத்துக்காரன், அதனால் ஏற்காட்டுப் பஸ்ஸை வைத்தே சொல்கிறேன். மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் மகனைப் பார்க்க, ஓர் அம்மா மல்கோவாப் பையோடு ஏறுகிறார். மகனோ அன்று காலையில்தான் வேலையை விட்டுவிட்டு, இறங்கும் பஸ்ஸில் வருகிறான். ஒரு வளைவில் ஏறுகிற வண்டிக்கு வழிவிட்டு அந்த பஸ் ஒதுங்கி நிற்கிறது.

அம்மாவே 'நான்' என்று கதை சொன்னால், எதிரே நிற்பது வெறும் பஸ். மேலே போய்ப் பூட்டிய அறையைப் பார்க்கும்போது அவரோடு நாமும் திகைப்போம். எல்லாம் அறிந்த கதைசொல்லி சொன்னால், "என்னைப் பார்த்ததும் பையன் துள்ளிக் குதிப்பான்" என்று பக்கத்து சீட்டில் அம்மா சொல்லும்போதே நமக்கு மனசு பதறும். பாத்திரம் அறியாததை வாசகர் அறிந்திருப்பதால் வருகிற இந்தப் பதற்றம்தான் நாடக முரண். நடந்தது ஒன்றுதான். சொல்கிறவர் மாறியதும் கதையே மாறிவிட்டது.

"பழம் நசுங்கிடுமோ, காயா வாங்கியிருக்கணும், அவரு இருந்தா மோந்து பார்த்தே எடுப்பாரு, ஜன்னல சாத்தணும்" என்று நினைப்பு ஓடுகிறபடியே எழுதினால் நனவோடை. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890இல் தன் நூலில் மனம் ஓடைபோல ஓடுவதைப் பற்றிச் சொன்னதை, பிறகு இலக்கியம் எடுத்துக்கொண்டது. பின்னோக்கு உத்தி வேறு. அதில் கதையே பழைய நாளுக்குப் போய்விடும்.

அம்மா துடைக்கத் துடைக்க ஜன்னல் கண்ணாடியில் மறுபடி பனி படர்வது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எழுதியிருந்தால், அது படிமம். அதே பனி, மகன் மறைக்கும் விஷயங்களோடு கதை நெடுகச் சேர்ந்து வந்தால் குறியீடு. ஒரே ஒருமுறை வந்த பனிக்கெல்லாம் பொருள் தேடாதீர்கள். கதையைக் கெடுக்கிற பழக்கம் அது.

சரி, இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்து, அவற்றோடு உணர்வைச் சேர்த்துப் பார்த்தது நம் தொல்காப்பியம். மலை நிலமான குறிஞ்சிக்கு அது தரும் காலம் கூதிர் என்ற குளிர்காலமும் முன்பனியும். உரிப்பொருள், அதாவது அந்த நிலத்துக்குரிய உணர்வு, காதலர் கூடல். இதை அறிந்தவர், கூடலுக்குரிய மலையில் தாயும் மகனும் ஒருவரையொருவர் தவறவிடுவதைப் படிக்கும்போது, மலை வெறும் பின்னணியாக நின்றுவிடாது. பழைய உரையாசிரியர் இளம்பூரணரின் உரையோடு, இதைச் சொல்கிற தொல்காப்பிய இயலான அகத்திணையியலைப் படித்துப் பாருங்கள், சிறுகதை வாசிப்புக்கே அவ்வளவு உதவும்.