மூச்சுத்தடைக்குக் கருவி இருக்கிறது, தூக்கம் மட்டும் வரவில்லை. மாத்திரை போடலாமா?

ஸ்லீப் ஆப்னியாவுக்கு (தூக்கத்தில் மூச்சு அடிக்கடி தடைபடும் கோளாறு) சிபாப் கருவி (மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டையைத் திறந்து வைப்பது) வாங்கிவிட்டேன், அதை மாட்டிக்கொண்டு விடிய விடிய விழித்துக் கிடக்கிறேன், தூக்க மாத்திரை போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆப்னியா இருப்பதை அறிந்த மருத்துவர் சொல்லாமல் போடாதீர்கள். பென்சோடயசெபைன் வகைத் தூக்க மாத்திரைகள் தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்தக்கூடும். மூச்சு அடைபடும்போது நம்மை உலுக்கி எழுப்பும் மூளையையும் மந்தமாக்கக்கூடும். மதுவும் அதே ரகம்தான்.

எனக்கும் இரண்டும் உண்டு. குறட்டை விடுபவனுக்குத் தூக்கமின்மையா என்று வீட்டில் சிரித்தார்கள். ஆனால் இந்த ஜோடியை மருத்துவ உலகம் 1973லேயே பதிவு செய்திருக்கிறது. பின்னிரவில் கனவுத் தூக்கம் அதிகம். அப்போது தசைகள் நன்றாகத் தளர்வதால் பலருக்கு மூச்சுத்தடையும் கூடுகிறது. எழுப்பிவிடுவது ஆப்னியா. எழுந்தபின் கடிகாரத்தைப் பார்ப்பது, நாளைய வேலையைக் கணக்குப் போடுவது, படுக்கையைப் பார்த்தாலே பதறுவது எல்லாம் தூக்கமின்மையின் கைங்கரியம். கருவி முதலாவதைத்தான் கவனிக்கும். இரண்டாவது தானாகப் போய்விடும் என்று காத்திருப்பது வீண் என்பது என் கருத்து.

அதற்கான முதல் சிகிச்சை மாத்திரை அல்ல, தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. பெயர்தான் மிரட்டும். கண் சொக்கும்போது மட்டும் படுக்கைக்குப் போக வேண்டும். ஏறக்குறைய 20 நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் (கடிகாரம் பார்க்காமல், குத்துமதிப்பாக) எழுந்து வேறு அறைக்குப் போய்விட வேண்டும். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழும் நேரம் மாறக்கூடாது. முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் படுக்கை என்றால் போராட்டம் என்ற பழக்கத்தை இதுதான் மெல்ல உடைத்தது.

மாஸ்க்கைப் பகலில், உட்கார்ந்து படிக்கும்போதே மாட்டிப் பழகுங்கள். அழுத்தத்தைக் குறைவாகத் தொடங்கிப் படிப்படியாக ஏற்றும் வசதி பல கருவிகளில் உண்டு. காற்று கசிந்தால் பொறுத்துக்கொள்ளாமல் வேறு அளவு கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. படுக்கை நேரத்தையே சில வாரங்களுக்குக் குறைக்கும் முறையும் இந்தச் சிகிச்சையில் வரும். ஆப்னியாவால் ஏற்கெனவே பகலில் சொக்குபவர்களுக்கு அது முதலில் சோர்வைக் கூட்டும். வண்டி ஓட்டுபவராக இருந்தால் மருத்துவரின் மேற்பார்வை இல்லாமல் அதை மட்டும் தொடங்க வேண்டாம்.