பங்காளிகள் கூட்டமும் பிடித்த முடிவும்: கேள்வி பதில்

தேவகோட்டை வாசகர்: பூர்வீக வீட்டை விற்பதா, பழுதுபார்ப்பதா? பொறியாளர் கொடுத்தது ஒரே அறிக்கை. இரண்டு தரப்பும் அதைத் தங்களுக்குச் சாதகமாகவே படிக்கிறார்கள். பொய் சொல்கிறார்களா ஐயா?

பெரும்பாலும் இல்லை. பிடித்த தகவலென்றால் மனசு "இதை நம்பலாமா?" என்று கேட்கும், பிடிக்காததென்றால் "நம்பியே ஆகணுமா?" என்று கேட்கும். உளவியலாளர் தாமஸ் கிலோவிச் காட்டிய வேறுபாடு இது. முன்னதற்கு ஒரு சான்று போதும், பின்னதற்கு ஒரு ஓட்டை போதும்.

1979இல் ஸ்டான்ஃபோர்டில் மரண தண்டனையை ஆதரிப்பவர் 24 பேர், எதிர்ப்பவர் 24 பேரிடம் கற்பனையாகத் தயாரித்த இரண்டு ஆய்வுகளைக் கொடுத்தார்கள். தண்டனையால் கொலை குறைகிறது என்றது ஒன்று, இல்லை என்றது மற்றது. ஆய்வு முறைகளையும் ஆளுக்கு ஆள் மாற்றிப் பொருத்தினார்கள். முடிவு தோதாக இருந்தால் முறை சரி. இல்லாவிட்டால் அதே முறையில் ஆயிரம் குறை!

பள்ளத்தூர் வாசகி: "நடுநிலையா யோசிங்க" என்று பெரியவர்கள் சொன்னால் போதாதா?

போதாதுங்க. 1984இல் லார்ட், லெப்பர், பிரெஸ்டன் மூவரும் அதையே சோதித்தார்கள், பலனில்லை. "இதே ஆய்வு நேர்மாறான முடிவைத் தந்திருந்தால் இப்படித்தான் மதிப்பிடுவீர்களா?" என்று யோசிக்கச் சொன்னபோதுதான் சாய்வு குறைந்தது.

ஆகவே அறிக்கையில் செலவுத்தொகை உள்ள பக்கத்தை முதலில் எடுத்துவையுங்கள். வளவுத் (உள்முற்றத்து) தூண்களில் கரையானைப் பொறியாளர் எப்படிப் பார்த்தார், கூரையில் எங்கெங்கே ஒழுகலைச் சோதித்தார் என்பதை மட்டும் படிக்கக் கொடுத்து, "இந்தச் சோதனை போதுமா?" என்று தனித்தனித் தாளில் எழுதி வாங்குங்கள். வாயால் கேட்டால் மூத்தவர் சொன்னதே எல்லோர் பதிலும் ஆகிவிடும். எவ்வளவுக்கு மேல் போனால் விற்கலாம் என்பதையும் அதே தாளில் வாங்கிவிடுங்கள். தொகை தெரிந்தபிறகு கேட்டால் அந்த வரம்பு அவரவர் வசதிக்கு நகரும்.

காரைக்குடி வாசகர்: படித்தவர்களுக்கு இது குறைவுதானே?

தத்துவ அறிஞர்கள் எரிக் ஷ்விட்ஸ்கெபல், ஜொனாதன் எல்லிஸ் 2017இல் எழுதியது வேறு மாதிரி: சாமர்த்தியம் கூடினால் சாக்கும் கூடலாம், தத்துவக்காரர்களும் விலக்கல்ல. குடும்பத்தில் வக்கீல் இருந்தால் அவர் தாளைக் கடைசியில் பிரியுங்கள்.

கண்டனூர் வாசகர்: கம்பன் விழாப் பட்டிமன்றம் மாதிரி நடத்தலாமா?

அணி பிரித்துப் பேசுவது அங்கே ஊரறிந்த விளையாட்டு, யாரும் ஏமாறுவதில்லை. வீட்டில் அணியை மாற்றிவிடுங்கள். விற்கச் சொல்பவர் வைத்துக்கொள்ளும் தரப்பைப் பேசணும். "ஆமா, நாங்க சொன்னது இதுதான்" என்று அந்தத் தரப்பே ஒப்புக்கொள்ளும்வரை மறுப்புக்கு இடமில்லை. இந்த நிபந்தனை இல்லாவிட்டால் கேலிதான் மிஞ்சும்.

பாகத் தகராறு கோர்ட்டில் இருந்தால் மட்டும் வேண்டாம். விளையாட்டாகப் பேசியதை "அன்றைக்கே ஒப்புக்கொண்டார்" என்று யாராவது வக்கீலிடம் கொண்டுபோவார்கள்.